ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம் எத்தனை மணி நேரம் நிற்கும்: கையில் அடித்துப் பார்க்கும் முறை

விக்டர் அண்ட் ரோல்ஃப் என்ற பிராண்டின் ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம் சென்ட் போடுகிறவர்களிடம் கேட்டால், ஒருவர் "காலையில் அடித்தது ராத்திரி வரை சட்டையில் இருந்தது" என்பார். இன்னொருவர் "ரெண்டு மணி நேரத்தில் காணாமல் போச்சு" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எந்த பாட்டில், எங்கே அடித்தது, யாருடைய மூக்கு என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் பாட்டில். 2012இல் வந்த மூல ஸ்பைஸ்பாம் ஒரு இடிடி (ஓ டி டாய்லெட், வாசனை எண்ணெய் குறைவான லேசான வகை). வாசனைக் கலைஞர் ஒலிவியே போல்ஜ் செய்தது. எக்ஸ்ட்ரீம் 2015இல் வந்த இடிபி (ஓ டி பர்ஃபம், அதைவிட அடர்த்தியான வகை). பிறகு நைட் விஷன், இன்ஃப்ராரெட் என்று தம்பிகள் வந்தன. எல்லாமே கையெறி குண்டு வடிவம்தான் என்பதால் பேச்சில் எளிதாகக் குழம்பிவிடும். ஒருவர் 'சீக்கிரம் போய்விட்டது' என்றால், அவர் வைத்திருப்பது எது என்று முதலில் கேளுங்கள்.

எக்ஸ்ட்ரீமின் முகப்பு மிளகு. அடித்த கையோடு மூக்கில் ஏறும். அந்தக் காரம் அரை மணிக்குள் தணிந்து பட்டை, சீரகம் போன்ற சூடான மசாலா வரும். அதற்கும் பிறகு புகையிலையும் வெனிலாவும். புகையிலை என்றதும் சிகரெட் நெடி என்று பயப்பட வேண்டாம். பதப்படுத்திய காய்ந்த இலையின் இனிப்பு வாசம் அது. நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது இந்தக் கடைசிக் கட்டம்தான். கடையில் மிளகை மட்டும் மோந்துவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள்தான் பின்னால் 'இவ்வளவு இனிப்பா' என்று சலித்துக்கொள்கிறார்கள்.

சோதிக்க, கடையில் தரும் காகிதப் பட்டை பாதிதான் உதவும். பிடிக்காததைக் கழித்துக்கட்ட அது போதும்; தேர்ந்தெடுக்கத் தோல் வேண்டும். வேறு எந்த சென்ட்டும் போடாமல் போய், முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரே ஒரு அடி. தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்பது கட்டுக்கதை. ஆனால் சூட்டில் முகப்பு வாசனை சீக்கிரம் பறந்துவிடும் என்பது உண்மை. அதே நேரம் ஒரு கருப்புக் கைக்குட்டையிலும் ஒரு அடி. ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று இரண்டையும் மோந்து பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை இரண்டு மணி நேர வாசனையை வைத்து முடிவு செய்யுங்கள். துணியில் உடற்சூடு இல்லாததால் கைக்குட்டை பெரும்பாலும் ஜெயிக்கும். சில சமயம் மறுநாளும் வாசம் இருக்கும். வாசம் துணியில் இருக்கிறது, தோலில் இல்லை என்றால் உங்கள் தோல் வறண்டது என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் லேசாகத் தடவினால் ஓரளவு சரியாகும்.

இரண்டிலும் வாசம் இல்லை என்று தோன்றினால் சந்தேகப்பட வேண்டியது மூக்கை. வெனிலா மாதிரி கனமான வாசனை விடாமல் பக்கத்திலேயே இருந்தால் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். உங்களுக்குத்தான் தெரியாது, பக்கத்துச் சீட்டுக்காரர் தவித்துக்கொண்டிருப்பார். வெளிக்காற்றில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து மோந்து பாருங்கள், அல்லது ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். கேட்காமல் மதியம் இன்னும் மூன்று அடி அடிப்பதுதான் இந்த சென்ட்டில் அதிகம் நடக்கும் தப்பு. கடையில் வைத்திருக்கும் காப்பிக்கொட்டையால் பெரிய பிரயோஜனம் இல்லை, வெறும் காற்றே போதும்.

எத்தனை அடி? குளிர் ஊரில் மூன்று, நான்கு தாங்கும். நம் ஊர் வெயிலில் சட்டைக்குள் நெஞ்சில் ஒன்றே ஒன்று. ஏசி கல்யாண மண்டபத்தில் மாலை வரவேற்பு என்றால் பிடரியில் இன்னொன்று சேர்க்கலாம். கத்திரியில் பகல் நேரத்துக்கு இது ஒத்துவராது. வேர்வையோடு சேர்ந்தால் இனிப்பு திகட்டலாகிவிடும். ஒரு அடியில் ஏறத்தாழ 0.1 மில்லி போகும், 50 மில்லி பாட்டிலில் சுமார் 500 அடி. தினம் இரண்டு என்றாலும் எட்டு மாதம் வரும், ஆகவே 90 மில்லிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

சந்தன பவுடர், வாசனை ஹேர் ஆயில், டியோடரண்ட் மூன்றும் இதோடு மல்லுக்கு நிற்கும். டியோடரண்ட் வேண்டுமென்றால் வாசனையில்லாதது. வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டியில் நேராக அடிக்க வேண்டாம், கறை விழலாம்.

மசாலா வாசனைகளில் பட்டை, கிராம்பின் சேர்மங்கள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருட்களை 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே பெட்டியில் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்தப் பட்டியலில் பட்டையின் சின்னமால், கிராம்பின் யூஜினால் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் கவனியுங்கள். சவரம் செய்த கையோடு கழுத்தில் அடிக்கவே கூடாது.

பாட்டிலை பாத்ரூமில், ஜன்னலோரத்தில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். நாளாக ஆக நிறம் கருத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வெனிலா வாசம் தரும் வெனிலின் உள்ள சென்ட் கருக்கத்தான் செய்யும். திறந்ததும் புளித்த நெடி வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

விமானப் பயணத்துக்கு இந்த பாட்டில் தலைவலி. அமெரிக்காவில் கையெறி குண்டு மாதிரியான பொருளைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போடவும் முடியாது. 5 மில்லி காலி ஸ்ப்ரே குப்பி ஒன்று வாங்கி, அதன் வாயருகே வைத்து 45 அடி அடித்து நிரப்பிக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், மேலே போனதும் அழுத்தம் மாறிக் கசியும்.