ஃப்ளஃப்னு வந்தா பக்கத்து வார்த்தையப் பாருங்க

இங்கிலீஷ் அகராதில ஃப்ளஃப்புக்கு (fluff) முதல்ல போட்டிருக்கிறது மெத்துனு இருக்கிற பிசிறு, ஸ்வெட்டர்ல ஒட்டிக்கிட்டு வருமே, சட்டைப்பை மூலையில சுருண்டு கிடக்குமே, அதான். இத மட்டும் வச்சுக்கிட்டு கிரிக்கெட் கமெண்டரி கேட்டா தலை சுத்தும். அதனால பக்கத்துல என்ன வார்த்தை நிக்குதுனு பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது.

வினையா வந்தா, எதை ஃப்ளஃப் பண்றாங்கனு கவனிங்க. தலகாணின்னா நாலு தட்டு தட்டி உப்ப வைக்கிறது. ரெசிபில பாஸ்மதிய ஃபோர்க்கால ஃப்ளஃப் பண்ணச் சொன்னா கிளறச் சொல்லலங்க, அடுப்ப அணைச்சு கொஞ்ச நேரம் மூடி வச்சுட்டு ஃபோர்க்க ஓரத்துல விட்டு மெல்ல தூக்கித் தூக்கி விடணும், பருக்கை உடையாம உதிரியா வரும், கரண்டி போட்டு கிண்டினீங்கன்னா குழைஞ்சு போய் பொங்கல் ஆயிடும். ஆனா கேட்ச், பெனால்டி, நாடக வசனம்னு வந்தா கதையே வேற, ஈசியா முடிக்க வேண்டியத சொதப்பிட்டான்னு அர்த்தம்.

எழுத்தப் பத்தி பேசும்போது வந்தா வெட்டி வளவளப்பு. உங்க ரிப்போர்ட்ல ஃப்ளஃப் ஜாஸ்தினு மேனேஜர் சொன்னா பாராட்டு இல்ல, வெட்டிட்டு அனுப்புங்க. ரசிகர்கள் தங்களுக்குப் பிடிச்ச கதாபாத்திரங்கள வச்சு எழுதுற ஃபேன் ஃபிக்‌ஷன்ல மட்டும் இது திட்டு கிடையாது, சாவு சண்டை எதுவும் இல்லாத இனிப்பான கதைனு வாசகருக்கு சொல்ற டேக், அத தேடிப் படிக்கிறவங்களே நிறைய பேர்.

அமெரிக்காக்காரங்க பிரெட்ல ஃப்ளஃப் தடவுறேன்னா பயப்படாதீங்க, அது மார்ஷ்மெல்லோ ஃப்ளஃப், 1917ல மாசசூசெட்ஸ் பக்கம் சாமர்வில்ல ஆர்ச்சிபால்ட் குவெரினு ஒருத்தர் செஞ்சு வீடு வீடா வித்தது, சர்க்கரை, கார்ன் சிரப், முட்டை வெள்ளைக்கரு, வெனிலா வாசனை, அவ்ளோதான். கூட பீனட் பட்டரும் சேர்த்தா அந்த சான்ட்விச்சுக்கு ஃப்ளஃபர்நட்டர்னு பேரு, 2021ல மெரியம் வெப்ஸ்டர் அகராதியே சேர்த்துக்கிச்சு. (எனக்கு இனிப்பு ரொம்ப ஓவர்.)

லண்டன்ல ஃப்ளஃபர்ஸ்னா ராத்திரி மெட்ரோ நின்னு கரண்ட் ஆஃப் பண்ணினப்புறம் சுரங்கத்துல இறங்கி தண்டவாளத்துல சேர்ந்த முடி, துணிப்பிசிறு, தூசியெல்லாம் வாருறவங்க, விட்டா தீப்பிடிக்கிற அபாயம் உண்டு.

பொண்ணுங்கள ‘எ பிட் ஆஃப் ஃப்ளஃப்’னு சொல்ற பழைய பிரிட்டிஷ் பேச்சு ஒண்ணு இருக்கு, அது மட்டமான பேச்சு, பழைய நாவல்ல வந்தா புரிஞ்சுக்கோங்க, வாயால சொல்லிடாதீங்க.