புது வீடு கட்டும்போது எதை, எப்போது பார்க்க வேண்டும்: முதல்முறை கட்டுபவர்களுக்கு

வீடு கட்டுபவர்களில் நிறையப் பேர் தினமும் சைட்டுக்குப் போகிறார்கள். போய் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சுவர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எத்தனை ஆள் வந்தார்கள் என்பதோடு நின்றுவிடும். வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிற விஷயங்கள் வெளியில் தெரிவது கொஞ்ச நேரம்தான். அஸ்திவாரக் கம்பி மண்ணுக்குள் போய்விடும், தளக் கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடும், குழாய் டைல்ஸுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் சந்தேகம் வந்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் தினமும் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை; எந்த வேலையும் மூடப்படுவதற்கு முந்தின நாள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

இது தமிழ்நாட்டில் தனி மனையில், கான்கிரீட் தூண் எழுப்பி, தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுகிறவர்களுக்கானது. இதைப் படித்துவிட்டு இன்ஜினியரே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

1. மண்வெட்டி எடுப்பதற்கு முன்

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவதற்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். அனுமதி சுலபமாகக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அனுமதிக்கான வரைபடம் வேறு, கட்டுமான வரைபடம் வேறு. அறைகள் எங்கே என்பதை முதலாவது காட்டும். எந்தத் தூணில் எத்தனை கம்பி, எவ்வளவு கனம், எவ்வளவு இடைவெளி என்பதை இரண்டாவதுதான் சொல்லும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட அந்த வரைபடம் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். அது இல்லாவிட்டால், மேஸ்திரி கட்டியது சரியா தவறா என்று ஒப்பிட உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

ஒப்பந்தத்தில் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதினால் போதாது. சிமெண்ட், கம்பி எந்த பிராண்ட், கான்கிரீட் என்ன கிரேடு, போர்டிகோ, சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டு எல்லாம் கணக்கில் எப்படிச் சேரும் என்று எழுதி வாங்குங்கள். பணத்தை ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு கொடுப்பதுபோல் பிரித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னால் பணம் ஓடினால், பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் குறையும் காதில் ஏறாது.

2. மண்ணும் தண்ணீரும்

பக்கத்து வீட்டுக்கு 5 அடி தோண்டினார்கள் என்பதற்காக உங்களுக்கும் 5 அடி என்று கணக்குப் போடக் கூடாது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் சுவரும் கூடவே வெடிக்கும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறிய பங்குதான்.

போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கும் தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீரில் போட்ட கான்கிரீட் முதல் சில வருடம் நன்றாகவே இருக்கும். அப்புறம் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, சீலிங்கைப் பெயர்த்துத் தள்ளும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

3. பொருள் வந்து இறங்கும்போது

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் திருப்பி அனுப்புங்கள். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கச் சொல்லுங்கள்.

கம்பிக்கு எடைதான் அத்தாட்சி. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறக்குறைய 10.6 கிலோ இருக்க வேண்டும். சின்ன வித்தியாசம் இருக்கலாம்: 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம். அதைவிடக் குறைந்தால் அது உருட்டி மெலிந்த கம்பி. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கிரேடும் கம்பியிலேயே பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எம்-சாண்டில், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணலில்தான் ஏமாற்று அதிகம். கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். ஒரு பிடி அள்ளி, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி அப்பிக்கொண்டால் வேண்டாம். பொதுப்பணித்துறையின் தரச் சான்று பெற்ற குவாரியா என்று கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி; லாரி கொட்டுவதற்கு முன்பே டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்துவிடுங்கள்.

செங்கல்லை இரண்டு எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நாலைந்து கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அது வேகாத கல்.

4. குறி போடுதல், வானம் தோண்டுதல்

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 3-4-5 கணக்கு போதும். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். முழு வீட்டுக்கும் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

வானம் தோண்டிய அஸ்திவாரக் குழியில் தளர்ந்த மண்ணோ தேங்கிய தண்ணீரோ இருக்கும்போது பி.சி.சி. (கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்) போட விடாதீர்கள். அதன்மேல் கம்பி வலை வைத்ததும் அடியில் 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி வைக்கும் சிறு கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல இடங்களில் உடைந்த ஜல்லியைச் செருகி வைத்திருப்பார்கள். ஜல்லி நழுவினால் கம்பி நேரே தரையில் படுத்துவிடும்.

5. தூண்

தூணில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி மாட்டும் ரிங்கின் கொக்கி. அதன் முனை 135 டிகிரிக்கு மடங்கி தூணின் உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். வெறும் எல் வடிவத்தில் மடக்கிவிட்டால், அழுத்தம் வரும்போது ரிங் விரிந்துகொள்ளும். இரண்டாவது, கம்பியோடு கம்பி சேரும் ஒட்டு. எவ்வளவு நீளம் என்று வரைபடத்தில் இருக்கும். பொதுவாக விட்டத்தைப் போல் 50 மடங்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு 2 அடி. எல்லாக் கம்பியின் ஒட்டும் ஒரே உயரத்தில் வரக் கூடாது. மூன்றாவது, பீமும் தூணும் சந்திக்கும் இடம். அங்கே ரிங் மாட்டுவது சிரமம் என்பதால் விட்டுவிடுவார்கள். நில அதிர்வில் முதலில் போவது அந்த இடம்தான்.

தூணுக்கு 40 மி.மீ. கவர், அதாவது கம்பிக்கு வெளியே அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும். கான்கிரீட்டை 5 அடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி தனியாகவும் சிமெண்ட் பால் தனியாகவும் பிரிந்துவிடும். பலகையைப் பிரித்ததும் கால்மாட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிந்தால் அதைப் பூசி மறைக்கும் முன் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மேஸ்திரி இந்தப் பூச்சை அன்றைக்கே முடித்துவிடப் பார்ப்பார்.

6. தளம்: லீவு போட வேண்டிய இரண்டு நாள்

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) மேல் ஏறுங்கள். கையில் வரைபடமும் டேப்பும் இருக்கட்டும். கம்பி இடைவெளி 6 அங்குலம் என்றால் 10 அடிக்குள் 20 இடைவெளி வரும். கண்ணால் பார்த்தால் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது, எண்ணினால்தான் தெரியும். 8 அங்குலம் வைத்திருந்தால் அதே 10 அடியில் 15 இடைவெளிதான் வரும்; கால்வாசிக் கம்பி காணாமல் போயிருக்கும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள், தளத்தில் 20 மி.மீ., பீமில் 25 மி.மீ. இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது மேல் கம்பி. சுவர், பீம் மேல் வரும் இடங்களில் கம்பி மேல்பக்கம் ஏறியிருக்கும். அதைத் தாங்க நாற்காலிக் கம்பி வைத்திருக்கிறார்களா? வைத்திருந்தாலும், மறுநாள் கான்கிரீட் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள்.

சன்ஷேடிலும் பால்கனியிலும் இது உயிர் போகிற விஷயம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகத்தில் இழுவை விழுவது மேல்பரப்பில். அதனால் முக்கியக் கம்பியும் மேலே இருக்க வேண்டும். மிதிபட்டு அது அடிக்குப் போய்விட்டால், கம்பியே போடாததுபோலத்தான். சென்ட்ரிங் பிரித்த அன்றே விழுந்த சன்ஷேடுகள் பலவற்றில் இந்தத் தவறுதான். கான்கிரீட் போடும்போது அந்த முனையில் நீங்களே போய் நில்லுங்கள்.

மறுநாள் பார்க்க வேண்டியது தண்ணீர். எம்-20 என்ற கிரேடு கான்கிரீட்டின் கலவை 1:1½:3, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி. ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர் கொள்ளளவு என்பதால், அதே அளவுள்ள பெட்டியில் ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கு வேண்டாம், ஆளுக்கு ஆள் சட்டி நிரம்புவது மாறும். தண்ணீர் மூட்டைக்கு 27 லிட்டரை ஒட்டி இருக்கட்டும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மெஷின்காரர் ஹோஸைப் பிடித்து அடித்துக்கொண்டே இருந்தால் நிறுத்துங்கள். "சார், இருபது வருஷமா இப்படித்தான் போடுறோம், இளகலா இருந்தாத்தான் எல்லா இடத்துக்கும் ஓடும்" என்பார். ஓடும்தான், காய்ந்தபின் பலமும் ஓடிப்போய்விடும். எல்லா இடத்துக்கும் போக வைப்பது, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் வேலை. கூடுதலாக ஒரு வைப்ரேட்டர் ஊசி தயாராக இருக்கட்டும், பாதித் தளத்தில் அது பழுதானால் வேறு வழியில்லை.

ரெடிமிக்ஸ் என்றால் லாரி வந்ததும் சலானை வாங்கிக் கிரேடையும் ஏற்றிய நேரத்தையும் பாருங்கள். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். தாமதமாகி இறுகிய கலவையில் சைட்டில் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

அன்றைக்கே கலவையை 150 மி.மீ. அச்சில் நிரப்பி மூன்று கியூப் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். 28ஆம் நாள் அருகிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் ஆய்வகத்திலோ வேறு ஆய்வகத்திலோ உடைத்துப் பார்க்கலாம். எம்-20 என்றால் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கியூப் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே கலவையில் கவனம் கூடிவிடும், அது தனி லாபம்.

7. தண்ணீர் கட்டுவதும் பலகை பிரிப்பதும்

தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்டுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் 10 நாள். இப்போது பெரும்பாலும் பி.பி.சி.தான் என்பதால் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் காலை, மாலை இரண்டு முறை தெளித்துவிட்டு மதியம் காயவிட்டால் பலனில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பத்தை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. சென்ட்ரிங் சாமான் வாடகை என்பதால் பிரிக்க அவசரப்படுவார்கள். குளிர்காலத்தில் இன்னும் சில நாள் விடுங்கள்.

8. சுவர், பூச்சு

செங்கல் நனைந்திருக்க வேண்டும், கலவை 10 மி.மீ. கனம், தூக்குக்குண்டு நேராக விழ வேண்டும். ஒரே நாளில் ஆள் உயரத்துக்கு ஏற்ற விடாதீர்கள். கான்கிரீட்டும் செங்கலும் சேரும் கோட்டில் பூசுவதற்கு முன் கோழி வலை அடித்தால், பெயிண்ட் அடித்த பிறகு அங்கே நீளமாக விரிசல் ஓடாது.

9. டைல்ஸுக்கு முன்

சுவரில் குழாய், ஒயர் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் டேப்பைப் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது பயன்படும். தண்ணீர்க் குழாயை அடைத்து, பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாத்ரூம் பள்ளத்தில் வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ் அறையின் சீலிங்கைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும், டைல்ஸ் ஒட்டிய பிறகு அது பெரிய செலவு.

10. கடைசிப் பணம்

மொத்தத்தில் 5 சதவீதமாவது ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, சன்ஷேடு ஓரம் எங்கே கசிகிறது, ஜன்னல் கீழ் எங்கே ஈரம் ஊறுகிறது என்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் தானாகத் தெரிந்துவிடும். வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால், கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாளே மேஸ்திரி கணக்கை முடிக்கச் சொல்லுவார். அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு உங்களால் மறுக்க முடியாது.