பாய்மரப் படகில் முதல் மூன்று நாட்கள்

பர்மாவுக்குக் கொண்டு விற்க, அதாவது வணிகம் செய்ய, போன நம் செட்டிநாட்டு ஐயாக்கள் (தாத்தாக்கள்) பெரும்பாலும் நீராவிக் கப்பலில் சென்றவர்கள். முப்பது அடிப் பாய்மரப் படகின் ஆட்டமோ முற்றிலும் வேறு. காரைக்குடியிலிருந்து நெடுங்கடல் பயணத்துக்குக் கிளம்புகிறவர் முதலில் குமட்டலுக்கே தயாராக வேண்டும். அது பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். மருத்துவர் சொன்ன மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே விழுங்குங்கள், வாந்தி தொடங்கிய பிறகு அது வயிற்றில் தங்காது. மேல்தளத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். முடியாவிட்டால் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் கண்ணை மூடிப் படுங்கள்.

முதல் நாள் அடுப்பைத் தொடாமலிருப்பது நல்லது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் இதற்கென்றே பிறந்தவை போலிருக்கின்றன (எண்ணெய் மிகுந்த பலகாரங்களை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்). தூக்குச்சட்டியின் மூடியைக் கயிற்றால் கட்டாவிட்டால், முதல் பெரிய அலையிலேயே சீடை முழுவதும் படுக்கைக்கடியில் உருண்டோடும். குடிநீரைத் தனித்தனிக் கேன்களில் பிரித்து வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும்.

இருவர் மட்டும் செல்லும் படகில் இரவுக் காவலை மூன்று மணிக்கொரு முறை மாற்றிக்கொள்ளலாம். காவலிருப்பவர் பாதுகாப்பு வாரைப் படகோடு பூட்டாமல் வெளியே வரவே கூடாது. இருட்டுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள். விடிந்ததும் கப்பிகளில் உரசும் கயிறுகளை விரலால் தடவிப் பாருங்கள். நார் சிலிர்த்திருந்தால், உரசும் இடம் மாறும்படி கயிற்றை ஒரு சாண் இழுத்துக் கட்டுங்கள்.