உறுதியில் ஒப்பமிடும் முன் ஒழுங்கையைப் பாருங்கள்: திருகோணமலை செல்வோருக்கு

திருகோணமலைக்குப் போகிறவர்களுக்குக் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் காட்டுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பத்தர்மார் இருந்து பொன்வேலை செய்த ஒழுங்கைகளைக் காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. அவற்றைத் தேடித்தான் கடந்த ஆடியில் பதினான்கு நாள் விடுப்பெடுத்துப் போனேன். அதில் ஒன்பது நாள் ஒரேயொரு கையெழுத்துக்காகக் கரைந்து போயிற்று.

எங்கள் ஒழுங்கை மத்திய வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயரை எழுதினால் உறவினர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் எழுதவில்லை. அப்பப்பா காலத்தில் அங்கே திண்ணைக்குத் திண்ணை பட்டறை இருந்தது. துறைமுகத் தளத்தைப் பிரித்தானியர் 1957 இல் ஒப்படைக்கும்வரை, சம்பளம் கிடைத்த கிழமையில் தோடும் மூக்குத்தியும் செய்விக்க வரும் டொக்யாட் தொழிலாளர்களால் திண்ணைகள் நிறைந்திருக்கும் என்று அவர் சொல்லுவார். உமியோட்டில் நெருப்பு மூட்டி, வெண்காரம் தடவிய பொன்னை ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பதையும், குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி என்று நிறுப்பதையும் நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டறைக் குப்பையை அவர்கள் வெளியே கொட்டியதில்லை. சேர்த்துவைத்து அரித்துப் பொன்துகளைப் பிரித்தெடுப்பார்கள். கலியாண வீடுகளில் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கலுக்கு நாள் வைத்தால், நல்ல நேரத்துக்கு முன்பே அப்பப்பா அடைகல் என்ற இரும்புப் பட்டடையோடு போய் இருந்துவிடுவார். இன்று நகைக்கடையில் அச்சில் வார்த்த தாலியை வாங்கிவந்து, உருக்கலை ஒரு பவுண் காசோடு பேருக்கு நடத்துகிறார்கள். ஒழுங்கையில் இப்போது எஞ்சியிருக்கும் பட்டறைகளை எண்ணுவதற்கு ஒரு கைவிரல்கள் போதும்.

இந்த ஊரின் கைவினைக்கு வயது அதிகம். போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிரட்றிக் கோட்டையின் வாசலில் நின்று பார்த்தால் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். 1950 இல் கிணறு வெட்டும்போது கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள், மெழுகில் உருவம் செய்து மண் பூசி உருக்கி வார்க்கத் தெரிந்த கைகளின் வேலை. கோயிலுக்குப் போகும்போது இவற்றையும் நினைத்துக்கொண்டு போங்கள். பிறகு நேரே ஒழுங்கைக்கு வாருங்கள். காலை எட்டு மணிக்கு முன் வந்தால் வெயிலும் இராது, முதியவர்களும் திண்ணையில் இருப்பார்கள். உறவினர் வீட்டுக்கு அதன் பிறகு போகலாம்.

நான் மாறிச் செய்தேன். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், வந்த அன்றே பட்டறை வீட்டில் எனக்குள்ள பங்கை நன்கொடை உறுதியாக, அதாவது நன்கொடைப் பத்திரமாக, எழுதித் தரும்படி கேட்டார். உறுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. நான் படிக்க அவகாசம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓடு பிரிஞ்ச போதெல்லாம் மேய்ஞ்சது நான் தானே தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 1983 க்குப் பின் நாங்கள் ஒவ்வொருவராக வெளியேறினோம். அவர் அங்கேயே இருந்து அத்தனையையும் பார்த்தார். அவருடைய கேட்பில் நியாயம் இருந்தது, ஆனாலும் அந்த அவசரம் என்னை எரிச்சலூட்டியது. பிறப்புச் சான்றிதழ், பழைய உறுதியின் பிரதி, அப்பாவின் மரணச் சான்றிதழ் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் என் பெயரின் ஓர் எழுத்து வேறுபட்டதற்காக மூன்று நாள் வாசலில் இருந்தோம். இடையில் பௌர்ணமி விடுமுறை வேறு வந்தது. அத்தனை நாளும் ஒழுங்கை எனக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

ஆகவே, இவற்றை அறிந்துகொண்டு போங்கள். பங்காளி ஒருவர் குடியிருக்கிறார் என்பதாலேயே மற்றவரின் பங்கு தானாக அழிந்துவிடாது, எனவே பயந்து ஒப்பமிட வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் கொடுத்துவிட்ட காணியைப் பிறகு விலைக்கு வாங்க நினைத்தாலும், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. கொடுப்பதாகவே முடிவு செய்திருந்தால், உங்களுக்காக ஒப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை நீங்கள் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் முன்னரே முடித்து அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுதியின் அட்டவணையைக் கடைசி வரிவரை படியுங்கள். என்னுடையதில் "உள்ளிருக்கும் பொருட்கள் உட்பட" என்றொரு வரி இருந்தது. நொத்தாரிசுக்கும் சாட்சிகள் இருவருக்கும் முன்னால் ஒப்பமிட்டபோது அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் பட்டறைக்குள் போனபோது, அடைகல் பதித்திருந்த மரக்குற்றி மட்டும் நடுவில் ஒரு குழியோடு கிடந்தது. இரும்பை நிறுத்து விற்றுவிட்டார்கள். அண்ணனுக்கு அது பழைய இரும்பு. எடுத்து வைக்கும்படி நானும் சொல்லியிருக்கவில்லை.

ஒப்பமிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைதான், அப்பப்பாவிடம் வேலை பழகிய முதியவர் ஒருவர் என்னை வரச்சொல்லியிருந்தார். எந்தத் திண்ணையில் யார் இருந்தார்கள் என்று முழுதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடைசி நாள் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. மகள் அவரை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை மாலைவரை வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவருடைய மகளின் தொலைபேசிக்கு எடுக்கிறேன். காலையில்தான் அவருக்குக் காது ஓரளவு கேட்கும். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஐந்தாவது வீடுவரை எழுதியிருக்கிறேன். எங்கள் வீடு ஒன்பதாவது.