இழுக்கிற மாவு, உதிர்கிற மாவு

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் தட்டோடு வந்து நின்றாள். "இன்னாக்கா இது, நீங்க சொன்ன அளவுதான் போட்டேன். கேக்கு செங்கல்லு மாதிரி ஆயிடுச்சு." விரலால் அழுத்திப் பார்த்தேன், அழுந்தின இடம் மேலே எழும்பவே இல்லை. என்ன மாவு போட்டாய் என்று கேட்டேன். மைதா தீர்ந்துபோனதால் சப்பாத்தி மாவைப் போட்டிருக்கிறாள். "ரெண்டும் கோதுமைதானேக்கா?"

கோதுமைதான். ஆனாலும் மாவு மாறினால் பண்டம் மாறிவிடும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் எட்டு வருஷமாக பன், பிரெட், கேக் என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். ஓவனை மாற்றிப் பார்த்ததைவிட மாவை மாற்றிப் பார்த்துக் கற்றதுதான் அதிகம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே செய்து பாருங்கள். மைதா, கோதுமை மாவு, கேழ்வரகு மாவு மூன்றையும் தனித்தனியாக 100 கிராம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 60 மில்லி தண்ணீர் விட்டு அழுத்திப் பிசைந்து உருட்டுங்கள் (கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்). தண்ணீரில் மூழ்கப் போட்டு அரை மணி நேரம் கழித்து, அந்தத் தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிசையுங்கள். பால் போலக் கரைந்து வருவது ஸ்டார்ச். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். மைதா உருண்டை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கையில் சவ்வு மாதிரி ஒன்று நிற்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஈரத்தோடு நிறுத்தால் 25, 30 கிராம் வரும். அதுதான் குளூட்டன், கோதுமையில் இருக்கிற புரதம். கோதுமை மாவிலும் அதே சவ்வு உண்டு, ஆனால் தவிட்டுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதால் இழுக்கும்போது அங்கங்கே அறுந்துவிடும். கேழ்வரகு உருண்டை தண்ணீரிலேயே உதிர்ந்துபோகும், கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்துவைப்பது இந்தச் சவ்வுதான். அதனால் பிரெட்டுக்கும் பன்னுக்கும் அது நிறைய வேண்டும், 10, 12 நிமிஷம் விடாமல் பிசைய வேண்டும். கேக்குக்கு நேர்மாறு, சவ்வு வளரவே கூடாது. மாவு கண்ணுக்கு மறைந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். பொரித்துப் பாகில் ஊறவைக்கிற ஆற்காட்டு மக்கன் பேடாவிலும் இதே கதைதான். கோவாவோடு மைதாவை அழுத்திப் பிசைந்தால் உருண்டை கெட்டிப்பட்டு உள்ளே பாகு இறங்காது. விரல் நுனியால் சேர்த்தால் போதும்.

மைதா பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருக்கும். 9 பக்கம் இருந்தால் கேக்குக்கு எடுங்கள், 11க்கு மேல் என்றால் பிரெட்டுக்கு. வீட்டில் இருப்பது ஒரே மைதாதான் என்றால், ஒரு கப்பிலிருந்து 2 மேசைக்கரண்டி மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) போட்டு மூன்று தடவை சலித்துக்கொள்ளுங்கள். கேக் மிருதுவாக வரும். கோதுமை மாவுக்கு இந்தப் புரதக் கணக்கு செல்லாது. எண் பெரிதாக இருந்தாலும் தவிடு சவ்வை அறுத்துவிடும்.

கோதுமை மாவிலேயே கேக் வேண்டும் என்பவர்கள் கப்புக்கு 2, 3 மேசைக்கரண்டி பால் கூட விடுங்கள். தவிடு நிறையக் குடிக்கும். கலந்த மாவை 10 நிமிஷம் விட்டு, பிறகு ஓவனில் வையுங்கள். பேக்கிங் பவுடர் போட்ட கேக்குக்குத்தான் இந்தக் காத்திருப்பு. சோடா மட்டும் போட்டிருந்தால் காத்திருக்காமல் வைத்துவிடுங்கள், காற்று போய்விடும். பிரெட்டுக்குப் பாதி மைதா, பாதி கோதுமை என்பது என் கணக்கு. கேழ்வரகை பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது உதிர வேண்டிய பண்டம், கேழ்வரகும் உதிர்கிற மாவு. லேசாக வறுத்து ஆறவைத்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்தால் எடுக்கும்போது உடையாது.

கப்பால் அளப்பதையும் விட்டுவிடுங்கள். மெல்லத் தூவி நிரப்பின மைதா 120 கிராம் இருக்கும், டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம் போய்விடும். ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும்.

மில்லில் அரைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை எனக்கு முன்னால் நின்றவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போனார். நான் கவனிக்கவில்லை. அன்று போட்ட பன்னைக் கடித்து என் மகன் அழுதான். இப்போதெல்லாம் அரிசியோ கோதுமையோ அரைத்தவர் பின்னால்தான் நிற்கிறேன். மாவு கல்லிலிருந்து சூடாக விழும். அப்படியே தூக்கில் மூடினால் மூடியில் வேர்த்து, கட்டி விழுந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் வேட்டியில் பரப்பி, கைவிட்டுப் பார்த்து உள்ளேயும் சூடு இல்லை என்றால்தான் டப்பாவில் போடுவேன். கோதுமையின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. நம் ஊர் மே மாத வெயிலுக்கு அது சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், இரண்டு கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். மைதாவில் வண்டு வராமல் இருக்க ஃபிரிட்ஜ்தான் இடம். அந்த மாதத்தில் பிரெட்டுக்குப் பிசையும் தண்ணீரும் ஃபிரிட்ஜ் தண்ணீராக இருக்கட்டும், இல்லாவிட்டால் மாவு அவசரமாகப் பொங்கிப் புளித்துவிடும்.

எதிர்வீட்டுக் கேக்கை வீசவிடவில்லை. விரல் தடிமனுக்கு அறுத்து, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 150 டிகிரியில் 15 நிமிஷம் வைத்து, திருப்பிப் போட்டு இன்னும் 15 நிமிஷம் வைத்தோம். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறின பிறகுதான் மொறுமொறுப்பு வரும். டீயில் தோய்த்தால் உடையாத நல்ல கேக் ரஸ்க்.