இரண்டு முதலெழுத்து, ஒரே சின்னம்

கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கும் அச்சகத்தில் வடிவமைப்பு மேசை என்னுடையது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் வருகிறவர்களில் பலரும் கேட்பது இதுதான்: "இரண்டு பேருடைய முதலெழுத்தையும் சேர்த்து ஒரு சின்னம் போட்டுத் தாருங்கள்." அழைப்பிதழ் உறை, தாம்பூலப் பை, மண்டப வாசல் பலகை என்று எல்லா இடத்திலும் அது வரவேண்டும். புதிதாகக் கடை திறக்கிறவர்களும் இதையே கேட்கிறார்கள். இதற்கு அச்சகத்துக்கு வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர் இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும்.

முதலில் எது முதலெழுத்து என்று முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் முருகனுக்கும் மாலதிக்கும் ஒரே எழுத்து. தமிழில் மு வேறு, மா வேறு. மு. வரதராசனை மு.வ. என்கிறோம், யாரும் ம.வ. என்று சொல்வதில்லை. உயிரொலியைக் காட்டும் குறியைக் கழற்றிவிட்டு வெறும் ம வரைந்தால் பார்க்க எளிமையாக இருக்கும்தான், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் "இது யார் பெயர்?" என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்.

குறிகளைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். இணைப்புக்கு அவையே உதவும். பா-வின் துணைக்காலில் உள்ள மேல்கோட்டை வலப்பக்கம் நீட்டினால் அடுத்து வரும் க-வுக்கோ த-வுக்கோ அதுவே மேல்கோடாகிவிடும். மீ-யின் சுழியைப் பெரிதாக்கிப் பக்கத்து எழுத்தின் தலைக்கு மேல் வளைக்கலாம். உண்மையில் சிரமம் தருபவை கே, சே போன்றவை. இரட்டைக் கொம்பு இடப்பக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டாவது எழுத்தைப் பக்கத்தில் நெருக்காமல் கீழே இறக்கிப் பாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். மணமகள் பெயர் வ-வில் தொடங்குகிறது, மாப்பிள்ளை பெயர் ப-வில். இரண்டையும் பெரிதாக எழுதி, எந்தெந்தக் கோடுகளால் ஆனவை என்று பாருங்கள். வ-வில் இடப்பக்கம் சுழியும் வளைவும், கீழே படுக்கைக்கோடு, வலப்பக்கம் நெட்டுக்கோடு. ப-வில் நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, மறுபடி நெட்டுக்கோடு. அதாவது வ முடிகிற கோட்டில் ப தொடங்குகிறது. நடுவில் உள்ள அந்த நெட்டுக்கோட்டை இரண்டுக்கும் பொதுவாக்கினால், அடிக்கோடும் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். இப்படி ஒரு பொதுக்கோடு கிடைக்கிறதா என்று தேடுவதுதான் இந்த வேலையின் சாரம். ஃபோக்ஸ்வாகன் கார் சின்னத்தில் வி மேலும் டபிள்யூ கீழுமாகப் பொருந்தி நிற்பதற்குக் காரணம், இரண்டுமே சாய்கோடுகளால் ஆனவை என்பதுதான்.

ஆனால் வரைந்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு நாலு எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். வ-வின் சுழி மங்கிவிடும். மூன்று கோடு நிமிர்ந்து நிற்க, அடியில் ஒரு கோடு. ய என்று படித்துவிடுவார்கள்! இதைத் தவிர்க்க, பொதுக்கோட்டை மற்றவற்றைவிட ஒரு கட்டம் உயரமாக்கலாம், அல்லது ப-வை நன்றாக அகலமாக்கலாம். இரண்டு நிறம் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ரப்பர் ஸ்டாம்பில் இரண்டாவது நிறத்துக்கு எங்கே போவது?

இன்னொரு சங்கடம் குடும்பத்திலிருந்து வரும். "மாப்பிள்ளை எழுத்து அல்லவா முன்னால் வரவேண்டும்?" வரிசையை மாற்றிப் ப-வை முன்னால் வைத்தால் அதன் வலக்கோட்டுக்குப் பக்கத்தில் வருவது வ-வின் சுழி. பொதுக்கோடு போயே போய்விட்டது. அந்த நிலையில் பக்கவாட்டு யோசனையையே விட்டுவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று வையுங்கள். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைச் செய்தார்: அகலமான ஏ, அதன் கால்களுக்கு நடுவே சிறிய டி. நமக்கு ப இருக்கிறது, மேல்பக்கம் திறந்த எழுத்து. அதற்குள் வ-வை உட்காரவைத்தால் யார் முன், யார் பின் என்ற பேச்சே எழாது. எனக்குப் பிடித்தது இந்த வடிவம்தான்.

கணக்கு இப்படி: கோட்டின் கனம் ஒரு கட்டம். ப-வின் அகலம் 11 கட்டம், உயரம் 9. இரு பக்கமும் கோட்டுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று விட்டால் நடுவில் 7 கட்டம் மிஞ்சும். கீழேயும் அதேபோல் அடிக்கோட்டுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று. ஆக வ-வுக்கு 7க்கு 7 என்று சதுரமாக இடம் கிடைக்கிறது, அதன் தலையும் ப-வின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சுழியின் உள்வெளி ஒரு கட்டத்துக்குக் குறையவே கூடாது. தங்க ஃபாயில், அதாவது தங்கநிற மெல்லிய தாள், ஒட்டும்போது முதலில் அடைத்துக்கொள்வது அதுதான். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான கோட்டையோ இடைவெளியையோ ஃபாயிலில் நான் நம்புவதில்லை. அப்படியென்றால் ஒரு கட்டம் குறைந்தது அரை மில்லிமீட்டர். இந்தச் சின்னத்தை 4.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. அளவு உங்கள் கையில் இருந்தால் அச்சகத்தில் வாதாட வேண்டியதில்லை.

சானெல் என்ற ஃபிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் சின்னத்தைப் போல ஒரு எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. தமிழில் இது பெரும்பாலும் நடக்காது. க-வையோ ட-வையோ திருப்பினால் எழுத்தாகவே இராது.

பென்சில் வடிவம் கூடிவந்த பிறகு கணினிக்குப் போங்கள். அதற்கு முன் போனால் எழுத்துரு மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும். தாளைப் படம் பிடித்து, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடியில் வைத்து, பென் டூலால் மேலே வரையுங்கள். எழுத்துருவிலிருந்து தொடங்குவதென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரான், முக்தா மலர் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. மற்றவற்றுக்கு உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

இங்கே கண்ணுக்காக இரண்டு திருத்தம். படுக்கைக்கோடும் நெட்டுக்கோடும் ஒரே கனத்தில் இருந்தால் படுக்கைக்கோடு தடித்துத் தெரியும். நெட்டுக்கோடு 20 என்றால் படுக்கைக்கோட்டை 18 ஆக்குங்கள். வளைவான உச்சி நேர்கோட்டின் உச்சிக்குச் சமமாக இருந்தால் குட்டையாகத் தெரியும். வ-வின் வளைவை மயிரிழை மேலே தூக்குங்கள். கணினியின் அளவுகோல் தவறு என்று சொல்லும், சொல்லட்டும்.

மயில், இதயம், மாவிலை எல்லாம் இதற்குப் பிறகுதான். அவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தால் எழுத்து தனியே நிற்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கருவிக்குக் கனமும் தெரியாது, நிறமும் தெரியாது. புள்ளி புள்ளியாக ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த ஒற்றைக் கோட்டிலும் ப-வும் வ-வும் தெரிந்தால் வடிவம் சரி. வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும் என்பதால், சின்னத்தை ஒரு வட்டத்துக்குள் வைத்து மூலைகள் தப்புகின்றனவா என்றும் பாருங்கள். கறுப்பில் வெள்ளையாக ஒரு முறை அச்செடுத்துப் பாருங்கள்; வெள்ளைக்கோடு கூடுதல் கனமாகத் தோன்றும், கொஞ்சம் மெலியவைக்க வேண்டியிருக்கும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்தாகக் கொடுக்காதீர்கள், கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோடுகளாக, மாற்றிக் கொடுங்கள். அச்சகங்களில் பயன்படும் கோரல் டிரா மென்பொருளில் இதைக் கர்வ்ஸ் ஆக்குவது என்போம். மாற்றாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வ-வும் ப-வும் ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். பிடிஎஃப் கோப்பு ஒன்று, எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பு ஒன்று, முழுக் கறுப்பில். கூடவே குறைந்தபட்ச உயரம் 4.5 மில்லிமீட்டர் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.