பழைய சலவை இயந்திரம்: திருத்துவதா, மாற்றுவதா?

2009க்குப் பின் மீள்குடியேறி, வீட்டுக்கு மின்சாரம் வந்த கையோடு வன்னியில் பலர் வாங்கிய சலவை இயந்திரங்கள் இப்போது பத்து வயதைத் தாண்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்று தண்ணீரை இழுக்காமலோ சுற்றாமலோ நின்றுவிட்டால், "வயது போய்விட்டது, புதிதாக ஒன்று எடுப்போம்" என்று உடனே முடிவுகட்டாமல் முதலில் தண்ணீரையும் மின்சாரத்தையும் சோதிப்பதே முறை. இங்குள்ள பழுதுகளில் கணிசமானவை இவற்றிலிருந்தே தொடங்குகின்றன என்பதால், மூலத்தைக் கவனியாமல் வாங்கும் புதிய இயந்திரமும் அதே வழியில்தான் போகும்.

தண்ணீர் மெதுவாக வந்தால், குழாயைப் பூட்டி, பிளக்கைக் கழற்றிய பின்னர் இயந்திரத்தின் பின்பக்கத்தில் பைப் பொருந்தும் முனையைக் கழற்றிப் பார்க்கவும். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்ரிக் வலைவடி இருக்கும். அதைக் குறட்டினால் மெல்லப் பிடித்து இழுத்தால், தாங்கியின் அடியில் தங்கிய மண்ணும் இரும்புக் கறளும் கல்சியமும் சேர்ந்து செம்மண் நிறப் பசையாக அதன் கண்களை அடைத்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். கல்சியம் இறுகியிருந்தால் சிறிது நேரம் வினாகிரியில் ஊறவிடலாம். வலைவடி சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் தாங்கியின் உயரத்தை அளக்க வேண்டும். பத்து மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். ஆகவே நாலு மீற்றர் உயரத் தாங்கியிலிருந்து கிடைப்பது 0.4 பார் மட்டுமே. முன்பக்கம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.3 முதல் 0.5 பார் வரையாவது தேவை என்பதால், தாங்கி பாதியளவு குறைந்த நேரத்தில் மட்டும் இயந்திரம் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இந்த இடத்தில் வால்வை மாற்றுவது வீண் செலவு.

மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்ற மறுத்து, இரவு பதினொரு மணிக்குப் பின் ஒழுங்காக ஓடினால், பிரச்சினை மின்னழுத்தத்தில்தான் உள்ளது. 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்பதை மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டு இரண்டு வேளைகளிலும் அளந்து பார்ப்பது நல்லது.

தண்ணீர் வெளியேறாவிட்டால், முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தின் கீழ் மூலையிலுள்ள சிறு கதவைத் திறந்து, தட்டையான பாத்திரம் ஒன்றை வைத்து, வடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும். சில்லறைக் காசு, ஊசி, குழந்தையின் காலுறை என்று ஏதேனும் அகப்படும்.

இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் பிழியும் பக்கம் சுற்றாமல் உறுமினால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மூடியோடு இணைந்த பிரேக் கேபிள் தளர்ந்திருக்கலாம்; துணி ஏதும் கூடைக்கும் தொட்டிக்கும் இடையில் சிக்கியிருக்கலாம்; அல்லது மோட்டர் சுற்றத் தொடங்க உதவும் கப்பாசிற்றர் பலவீனப்பட்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கூடையைக் கையால் சுற்றிப் பார்த்து, அது தடையின்றிச் சுழன்றால் சந்தேகம் கப்பாசிற்றரின் மேல் விழும். அது மலிவான பாகம், ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதில் கைவைக்கக் கூடாது.

இயந்திரத்தைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுகிறதா, அல்லது பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விழுகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்தில் விழுந்து, குளிர்நீரில் தோய்க்கும்போது விழாமல் இருந்தால், பெரும்பாலும் ஹீற்றரில்தான் மின்னொழுக்கு. வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு ஹீற்றரின் மேல் தோடாகப் படிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஹீற்றரை மட்டும் தனியே மாற்றலாம், அது செய்யத் தக்க திருத்தமும்கூட. படிவைக் கரைக்கச் சிற்றிக் அமிலத்தை வெறும் தொட்டியில் இட்டுச் சுடுநீரில் ஓடவிடுவது வழக்கம். கிணற்றுக்குப் போட வைத்திருக்கும் குளோரினையோ வெண்மையாக்கும் திரவத்தையோ அதனுடன் ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வெளிவரும். ட்ரிப் விழுகிறது என்பதற்காக அந்தச் சுவிச்சைத் தவிர்த்து வயர் இழுத்துக் கொடுக்க முன்வரும் "கெட்டிக்காரரை" வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் தொட்டியைப் பிரிக்காமலே திருத்தக்கூடிய பாகங்கள். வயதான இயந்திரமென்றாலும் இவற்றுக்காக அதைக் கைவிடத் தேவையில்லை. முடிவைப் புரட்டிப்போடுவது தொட்டிக்குப் பின்னால், உருளையின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங்தான். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தின் வெறும் உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றி, காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். மணலை அரைப்பது போன்ற கரகரப்புக் கேட்டால், உருளையின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். தொட்டி முழுவதும் சேர்ந்து ஆடுவது இயல்பு. உருளை மட்டும் தொட்டிக்குள் தனியே ஆடினால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது தொட்டியின் நடுவிலிருந்து கறள் நிறத்தில் ஒரு கோடு கீழே வழிந்திருந்தால், பெயாரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் முன்பே உடைந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பெயாரிங்கின் விலை சொற்பம்தான். ஆனால் இயந்திரம் முழுவதையும் பிரிக்கும் கூலியே பெரிது. அண்மைக்கால மாதிரிகள் பலவற்றில் தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியே செய்திருப்பதால், முழுத் தொட்டியையும் மாற்ற நேரிடும். ஏழெட்டு வருடம் ஓடிய இயந்திரத்துக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது என்று சொன்னாலும் உடனே மனம் தளரத் தேவையில்லை. இடிமின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்ரோபர் மாதங்களிலும், கரண்ட் போய் வரும் நேரங்களிலும் முதலில் பலியாவது பலகையிலுள்ள பியூசும் அதனருகே, மின்னழுத்தம் திடீரென எகிறும்போது பலகையைக் காக்கும் வட்டமான சிறு வரிஸ்ரரும்தான். அந்த வட்டம் வெடித்துக் கருகியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். இலத்திரனியல் வேலை தெரிந்தவர் இவற்றை மாற்றிவிடுவார். எலி புகுந்து வயரைக் கடித்திருந்தால், திருத்திய பின் அடிப்பக்கத்துக்கு வலை அடிப்பதும் அவசியம்.

விலை கேட்கும்போது உதிரிப்பாகம், கூலி, வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆள் வந்துபோகும் செலவு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாங்குளத்துக்கு அப்பால் உள்ளே இருக்கும் வீடுகளுக்கு மூன்றாவதே முதலாவதை மிஞ்சுவதுண்டு. மொத்தச் செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டி, இயந்திரமும் எட்டு வயதைக் கடந்திருந்தால் மாற்றுவதே இலாபம். பாதிக்குக் குறைவாக இருந்தாலும், ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை திருத்துவதாயின் இரண்டு செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரட்டைத் தொட்டி இயந்திரம் மட்டும் இந்தக் கணக்குக்கு விலக்கு: அதன் அமைப்பு எளிது, தொட்டி வெடிக்காதவரை திருத்திக்கொண்டே போகலாம்.

புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய இயந்திரமாயின் வேறொரு கேள்வியும் எழும். ஐரோப்பாவிலிருந்து வந்தது இங்குள்ள 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும், ஆனால் அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. மின்மாற்றி வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. அதைத் திருத்த மேலும் பணம் போடுவதில் பயனில்லை.

புதியது வாங்குவதென்றால், தாழ்ந்த தாங்கி உள்ள வீட்டுக்கு மேலே திறக்கும் இயந்திரம் பொருந்தும். அதற்கும் வேண்டிய ஆகக்குறைந்த நீரழுத்தத்தைக் கையேட்டில் பார்த்தே எடுக்கவும். "மோட்டருக்குப் பத்து வருட உத்தரவாதம்" என்ற ஒட்டி பெரும்பாலும் அந்த ஒரு பாகத்துக்கு மட்டுமே உரியது. கூலியும் பலகையும் அதில் அடங்குமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பழையதைக் கடைக்காரர் கழிவுவிலைக்கு எடுக்காவிட்டால், பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுக்கும் முன் தண்ணீர் வால்வு, வெளியேற்றும் பம், பெல்ட் ஆகியவற்றைக் கழற்றி, அதே மாதிரி வைத்திருக்கும் அயலவருக்குக் கொடுக்கலாம். வியாபாரி வரும்வரை முற்றத்தில் வைப்பதாயின், சிறுபிள்ளைகள் உள்ளே புகுந்து பூட்டுப்படாமலிருக்கக் கதவைக் கழற்றிய பின்னரே வைக்க வேண்டும்.